மூடியைத் தூக்கினால் போதும்

ஹதாஜுகு, ஹகோனே
1968 அக்டோபர் 4

தெத்சுரோவுக்கு,

இத்துடன் பாகப்பிரிவினைப் பத்திரம் இரண்டு பிரதி வைத்திருக்கிறேன். நீ முத்திரை பதிக்க வேண்டிய இடங்களில் பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறது. பதிவு செய்த முத்திரைதான் செல்லும். தபால்காரனிடம் பார்சல் வாங்கும்போது குத்துகிற சில்லறை முத்திரையைக் குத்தி அனுப்பி வைக்காதே. உங்கள் ஊர் நகராட்சியில் முத்திரைச் சான்று ஒன்றும் வாங்கிச் சேர்த்து அனுப்பு.

சென்ற மாதப் புயலில் மரக்கொட்டகையின் கூரை பறந்துவிட்டது. தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறேன். கூரைக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கேட்டால், பட்டறையும் நிலமும் இன்னும் அப்பா பெயரில் இருக்கிறது, என் பெயருக்கு மாறினால்தான் கொடுப்போம் என்கிறார்கள். வாரிசு நாம் இரண்டு பேர்தான். எனவே உன் முத்திரை வேண்டும்.

சீக்கிரம் அனுப்பு. மரம் நனைகிறது.

கினுயோ


அசாஹிகாவா, ஹொக்கைதோ
அக்டோபர் 13

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. கடிதம் என்று ஒரு மரியாதைக்குத்தான் சொல்கிறேன். அங்கே குளிர் வந்துவிட்டதா, மலை சிவந்துவிட்டதா, ஒரு வரி கிடையாது. பாக்கி கேட்டு எழுதுகிற மளிகைக்கடைக்காரன்கூட இலையுதிர் காலம் பிறந்துவிட்டது, தாங்கள் நலமா என்று ஆரம்பிப்பான். நீ வட்டம் போட்டு அனுப்பியிருக்கிறாய். என் மனைவி மிசாவோ உறையைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்துவிட்டு, “அவ்ளோதானா? உங்கக்கா வேற எதுவும் எழுதலையா?” என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அப்பாவுக்கு நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு நடந்ததா, யார் யார் வந்தார்கள் என்றுகூட நீ எழுதவில்லை. என்னைக் கூப்பிடவும் இல்லை.

போகட்டும். முத்திரை விஷயத்துக்கு வருகிறேன். அது, என் கல்யாணத்துக்கு நீ செய்து அனுப்பிய ரகசியப் பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டி திறக்க மாட்டேன் என்கிறது. எந்தப் பலகையை எதற்கு அடுத்து நகர்த்த வேண்டும் என்பது எனக்கு மறக்கவில்லை, நானும் அந்தப் பட்டறையில் வளர்ந்தவன்தான். தலைப்பக்கப் பலகை நகர்கிறது. அதற்கடுத்த பக்கப் பலகை பாதி தூரம் வந்து நின்றுவிடுகிறது. தட்டினேன், கெஞ்சினேன், திட்டினேன். அசையவில்லை.

திறந்தால் எழுதுகிறேன்.

தெத்சுரோ


ஹதாஜுகு
அக்டோபர் 20

தெத்சுரோ,

திறந்தால் எழுதுகிறாயா! எவ்வளவு பெரிய மனசு உனக்கு!

பெட்டியை எங்கே வைத்திருக்கிறாய் என்று நான் கேட்க வேண்டியதில்லை. நிலக்கரி அடுப்புக்கு மேலே இருக்கிற அலமாரியில். உன் வீட்டுக்கு நான் வந்ததில்லை, ஆனாலும் எனக்குத் தெரியும். ஹொக்கைதோவில் எல்லோரும் எல்லாவற்றையும் அடுப்புக்கு மேலேதான் வைப்பீர்கள். பலகையின் வெளிப்பக்கத்தில் கோலக் கட்டையிலிருந்து காகிதம் போல இழைத்தெடுத்த சீவல் ஒட்டியிருக்கிறது, அதன் மேல் மெருகு இருக்கிறது. உள்பக்கம் வெறும் மரம். அடுப்புச் சூட்டில் உள்பக்கம் மட்டும் காய்ந்து பலகை வில்லாக வளைந்திருக்கும். பட்டறையில் வளர்ந்தவனாம். வளர்ந்த லட்சணம் தெரிகிறது.

செய்ய வேண்டியது இதுதான். பெட்டியை அடுப்பில்லாத அறைக்குக் கொண்டு போ. ஒரு மரத்தொட்டியில் வை. அதன் பக்கத்தில் ஈரத்துணி போடு, பெட்டியின் மேல் போடாதே. தொட்டியை மூடி வை. ஒரு வாரம் தொடாதே. பிறகு மெதுவாகத் தள்ளிப் பார். தட்டாதே. ஸ்குரூ டிரைவரைக் கிட்டேயே கொண்டு போகாதே. உன் புத்தி எனக்குத் தெரியும்.

நாற்பத்தொன்பதாம் நாளுக்குக் கூப்பிடவில்லை என்கிறாய். அப்பா செத்த தேதி உனக்குத் தெரியும். நாற்பத்தொன்பது வரைக்கும் எண்ணத் தெரியாதா? தெரியும். சாவு வீட்டிலேயே எண்ணியவன்தானே நீ. காலை பஸ்ஸில் வந்து இறங்கினாய். இரண்டு குளிர்காலம் அப்பாவைத் தூக்கிப் படுக்கவைத்து, துடைத்துவிட்டு, கஞ்சி ஊட்டியவள் நான். ஆனால் மகன் வந்துவிட்டான் என்று முதல் தூபத்தை உன் கையில் கொடுத்தார்கள். ஊர் வழக்கம் அப்படி, அதை நான் பேசவில்லை. அதற்குப் பிறகு நீ என்ன செய்தாய்? கறுப்புக் கோட்டோடு கொட்டகைக்குள் போய், ஏணி வைத்து ஏறி, அடுக்கு அடுக்காகக் கைவைத்து மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் வாசலில் நின்று பார்த்தேன். சாம்பல் ஆறுவதற்குள் விலை போட ஆரம்பித்துவிட்டாய். விருந்துக்குக்கூட உட்காராமல் அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாய். நம்ம தெருவில் இன்னும் கேட்கிறார்கள், “உன் தம்பி ஏம்மா சாப்பிடாமக் கெளம்பிட்டான்?” என்று. நான் என்ன சொல்வது?

நனைந்த மிசுகி மரத்தில் நீலப் பூஞ்சணம் பூக்க ஆரம்பித்துவிட்டது. கோலத்துக்கு நமக்கு இருக்கிற ஒரே வெள்ளை அதுதான். வெள்ளை இல்லாவிட்டால் மற்ற நிறமெல்லாம் ஒன்றோடொன்று கலந்து சேறாகத் தெரியும். மேலடுக்கு போய்விட்டது. நடு அடுக்குக்கு இறங்குவதற்குள் கூரை வேண்டும். உன்னிடம் விளையாட எனக்கு நேரமில்லை.

கினுயோ


அசாஹிகாவா
நவம்பர் 3

அக்கா,

முதல் பனி விழுந்துவிட்டது. இதை எழுதாமல் ஆரம்பித்தால் எனக்குக் கை கூசுகிறது. உனக்குக் கூசாது.

நீ சொன்னபடியே செய்தேன். அடுப்பு இல்லாத அறை என்று எங்கள் வீட்டில் ஒன்றும் இல்லை. இரண்டே அறை, நடுவில் ஒரு அடுப்பு. அதனால் குளியல் தொட்டியின் மூடி மேல் வைத்தோம். மிசாவோ குளிக்கப் போகும்போதெல்லாம் பெட்டியை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, குளித்து முடித்ததும் கும்பிட்டுத் திரும்ப மேலே வைத்தாள். “சாமி பொட்டிக்குக்கூட இத்தனை மரியாதை பண்ணதில்லைங்க” என்று என்னிடம் முணுமுணுப்பு. ஒரு வாரம் ஆயிற்று. பக்கப் பலகை முன்பு நின்ற இடத்தைத் தாண்டி ஒரு விரல்நக அளவு கூடுதலாக வந்தது, அதோடு சரி. இப்போது அது பின்னாலும் போகவில்லை. முன்பு மூடிய பெட்டியாகவாவது இருந்தது. இப்போது வாயைக் கோணிக்கொண்டு நிற்கிறது.

நான் பொய் சொல்கிறேன் என்று நீ நினைக்கிறாய். எழுதவில்லை, ஆனால் நினைக்கிறாய்.

அடுத்து, ஏணி. நான் மரத்தை எண்ணவில்லை, அக்கா. எனக்கு உன் மரம் எதற்கு? நாள் முழுக்கத் தொழிற்சாலையில் மரத்தோடுதான் மாரடிக்கிறேன். நான் தேடியது என் கட்டையை. உனக்கு ஞாபகம் இருக்கும், இல்லை என்று சொல்லாதே. பல நிற மரத் துண்டுகளைச் சேர்த்து நான் ஒட்டிய கோலக் கட்டை. அம்பிறகுக் கோலம்தான், ஆனால் எல்லோரும் செய்கிற மாதிரி ஒரே பக்கம் பார்க்காமல், ஒரு வரி இப்படியும் அடுத்த வரி அப்படியும் எதிரெதிராகத் திருப்பி வைத்து ஒட்டினேன். ஒரு குளிர்காலம் பூராவும் அதற்கே போயிற்று. அப்பாவிடம் கொண்டு போய் வைத்தேன். அவர் முகர்ந்து பார்ப்பது மாதிரி கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, “ஒண்ணுக்கொண்ணு முட்டிக்கிட்டு நிக்குது” என்றார். பிறகு “வச்சிரு” என்றார். எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, கொட்டகையின் விட்டத்துக்கு மேலே வைத்துவிட்டார். உன் கட்டை ஒவ்வொன்றும் ஒட்டின சூட்டோடு பெரிய இழைப்புளிக்குக் கீழே போய்ச் சீவலாயிற்று. என்னுடையது விட்டத்தில் கிடந்தது. நான் ஒரு வருஷம் காத்திருந்தேன். ஒருநாள்கூட அதைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. அதற்கப்புறம்தான் ரயிலேறினேன். வேலை தேடிப் போனேன் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். நீயும் அப்படித்தான் சொல்லியிருப்பாய்.

சாவன்று ஏறிப் பார்த்தேன். விட்டத்தில் அது இல்லை. விறகாகப் போயிருக்கும் என்று நினைத்தேன். சாப்பாடு இறங்கவில்லை, கிளம்பிவிட்டேன்.

எனக்கு நிலம் வேண்டாம், பட்டறை வேண்டாம், எல்லாம் உன் பெயருக்கே இருக்கட்டும். என் பாகம் என்று ஒன்று உண்டென்றால் அந்தக் கட்டைதான். நீ ஒரு வார்த்தை, “உனக்கு என்னடா வேணும்?” என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீ வட்டம் போட்டாய்.

தெத்சுரோ


ஹதாஜுகு
நவம்பர் 10

தெத்சுரோ,

அந்தக் கட்டை இல்லை. கட்டையாக இல்லை. விறகாகவும் போகவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி என்னிடம் கேட்காதே. எனக்கு எழுதப் பிடிக்கவில்லை.

ஏணி விஷயம் படித்தேன். அன்றைக்கே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வாய் இருக்கிறதல்லவா? அப்பா வாயைத் திறக்கவில்லை என்று பதினாறு வருஷம் கோபித்துக்கொண்டாய். நீ மட்டும் திறந்தாயாக்கும். இந்தக் குடும்பத்தில் பெட்டிகளைத் தவிர எல்லாமே இறுகிப் போய்க் கிடக்கிறது. இப்போது பெட்டியும் சேர்ந்துகொண்டது.

சங்கத்தில் நெகிஷி என்று ஒரு குமாஸ்தா. நேற்று நேரில் வந்து கொட்டகையைப் பார்த்தான். தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “ஏம்மா, தம்பி ஒரு முத்திரை குத்தி அனுப்ப இத்தனை நாளா?” என்றான். “பொட்டி தெறக்கல” என்றேன். “எந்தப் பொட்டி?” “நான் செஞ்ச பொட்டி.” சிரித்தான் பார், தெத்சுரோ. கல்லில் கால் தடுக்கிக் கீழே விழப் பார்த்தான், அப்போதும் சிரிப்பு அடங்கவில்லை. “உங்க வேலை அவ்ளோ கெட்டியா!” என்றான். அவமானத்தில் எனக்குக் காது எரிந்தது. ஊர் பூராவும் சொல்லியிருப்பான்.

கேள். முதல் வழி, நகராட்சிக்குப் போய்ப் பழைய முத்திரை தொலைந்தது என்று சொல்லி, புதிதாக ஒன்று செதுக்கிப் பதிவு செய். அரைநாள் வேலை. இரண்டாவது வழி, பெட்டியை உடை.

உடை என்று நானே எழுதுகிறேன். செய்தவளே சொல்கிறேன். உடைத்துத் திறக்க வேண்டிய பெட்டியைச் செய்தவர் அதற்குப் பிறகு பெட்டி செய்யக் கூடாது என்று அப்பா சொல்வார், உனக்கும் தெரியும். தெரிந்துதான் சொல்கிறேன். கோடாலியை எடு. சீவல் கிழிந்தால் கிழியட்டும். நடு அடுக்கிலும் நீலம் இறங்கிவிட்டது. தினமும் காலையில் தார்ப்பாயைத் தூக்கி, இன்னும் எத்தனை போயிற்று என்று எண்ணுகிறேன். அப்பா வெட்டிக் காயவைத்த மரம். அடுத்த பத்து வருஷத்துக்கு என் கைக்கு வேலை அதுதான். அது போனால் நான் இங்கே என்ன செய்வது? ஒடாவாராவுக்குப் போய் மீன் பிட்டு செய்கிற தொழிற்சாலையில் நிற்க வேண்டியதுதான்.

உடை.

கினுயோ


அசாஹிகாவா
நவம்பர் 19

அக்கா,

புது முத்திரை செதுக்க மாட்டேன். இது அப்பா எனக்கு இருபது வயது நிரம்பியபோது செதுக்கிக் கொடுத்தது. எனக்கென்று அவர் செய்த காரியம் அது ஒன்றுதான். அவருடைய சொத்துப் பத்திரத்தில் கடைத்தெரு முத்திரையைக் குத்த என் கை வராது.

உடைக்கவும் மாட்டேன். உன் கடிதம் வந்த அன்று கோடாலியை எடுத்தேன். மிசாவோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடிவிட்டாள். “உங்க அக்கா கோவத்துல சொல்வாங்க. நீங்க ஒடைச்சிட்டா அப்புறம் அவங்க மூஞ்சியில எப்படி முழிப்பீங்க?” என்றாள். முழிக்கிற உத்தேசமே எனக்கு இல்லை என்றேன். அப்படியும் கொடுக்கவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தேன். நீ “உடை” என்று எழுதுவதற்கு எத்தனை தூரம் போயிருக்க வேண்டும் என்று தெரிகிறது. ஆனாலும் அந்தப் பாவத்தை என் தலையில் கட்டாதே.

பெட்டியை ரயில் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். செய்தவள் நீ, உடைக்கிறதானால் நீயே உடை. உன் பத்திரத்தையும் கூடவே வைத்திருக்கிறேன். முத்திரை வெளியே வந்ததும் உன் வட்டத்துக்குள்ளே நீயே குத்திக்கொள். உனக்கு வேண்டியது என் முத்திரைதானே, நான் இல்லையே. பிறகு முத்திரையைத் திருப்பி அனுப்பினால் சான்று வாங்கித் தருகிறேன்.

என் கட்டையைப் பற்றிக் கேட்காதே என்கிறாய். சரி, கேட்கவில்லை. யாரோ இழைத்து, யாரோ ஏதோ ஒரு தட்டில் ஒட்டி, யாரோ சுற்றுலாக்காரன் வாங்கிக்கொண்டு போயிருப்பான். நன்றாக வந்ததா என்பது மட்டும்தான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அது பரவாயில்லை.

தெத்சுரோ


ஹதாஜுகு
நவம்பர் 30

தெத்சுரோ,

பார்சல் வந்தது. உப்பு சால்மன் மீன் சுற்றின செய்தித்தாளிலா பெட்டியைச் சுற்றுவது? பட்டறை முழுக்க நாற்றம். பூனைகள் வாசலில் காத்துக் கிடக்கின்றன.

நான் உடைக்கவில்லை. இங்கே ஒரு வாரமாக விடாத மழை. பெட்டியைச் சமையலறை மூலையில் வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தேன். கோபத்தில் அந்தப் பக்கமே திரும்பவில்லை. முந்தாநாள் எடுத்து விரலை வைத்தேன், பக்கப் பலகை வழுக்கிக்கொண்டு போயிற்று. அடுத்தது, அதற்கடுத்தது, எல்லாம் மளமளவென்று. உன் வீட்டில் முறுக்கிக்கொண்டு நின்றது என்னிடம் வந்ததும் நல்ல பிள்ளையாகிவிட்டது. உள்ளே எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தேன். அந்தப் பக்கப் பலகையை நான் கொஞ்சம் பச்சையாக இருக்கும்போதே வெட்டியிருக்கிறேன். பாதித் தப்பு உன் அடுப்பு, பாதித் தப்பு என் பலகை. பாதிதான்.

முத்திரை உள்ளே இருந்தது. நீ பொய் சொல்லவில்லை. பொய் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நெகிஷி அப்போது இங்கேதான் இருந்தான். “அப்பாடா! குத்துங்கம்மா, சாயந்திரமே மேல அனுப்பிடறேன். எந்தக் கை குத்துச்சுன்னு மையைப் பாத்துச் சொல்ல முடியுமா என்ன?” என்றான். நானும் உட்கார்ந்தேன். சிவப்பு மையில் முத்திரையை அமுக்கினேன். வட்டத்துக்கு நேராகக் கொண்டுபோனேன். அப்போது எனக்கு வந்தது பார் கோபம். அப்பாவை நான் பார்த்துக்கொண்டேன். பட்டறையை நான் பார்த்துக்கொண்டேன். கோவிலுக்கு, ஊருக்கு, சங்கத்துக்கு எல்லாவற்றுக்கும் நானே பதில் சொன்னேன். இப்போது உனக்குப் பதிலாக உன் முத்திரையையும் நானே குத்த வேண்டுமா? முடியாது. உனக்காக ஒரு காரியத்தையாவது நீயே செய். மையைத் துடைத்துவிட்டேன். நெகிஷி தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டான். என்னை நினைத்தால் எனக்கே எரிச்சலாக இருக்கிறது. வெளியே மழை, உள்ளே நீலம் பூத்த மரம், கையில் முத்திரை, நான் குத்தாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

இனி உன் கட்டை. கேட்கவில்லை என்று எழுதினாய், ஆனால் கடிதம் பூராவும் கேட்டிருக்கிறாய்.

நீ போன அந்தக் குளிர்காலத்தில் அப்பா அதை விட்டத்திலிருந்து இறக்கினார். காகிதத்தைப் பிரித்து மேடையில் வைத்து, “கினு, நீ எழை” என்றார். அதுவரை பெரிய இழைப்புளியை நான் தொட்டதில்லை. என் கட்டைகளைக்கூட அவர்தான் இழைப்பார். “நீங்களே எழைங்களேன், உங்க புள்ள கட்டை” என்றேன். “என் கைக்கு ஒத்துக்காது. நீ எழை” என்றார். உன் கட்டை என்னைக் கொன்றுவிட்டது, தெரியுமா? பாதி இறகு இந்தப் பக்கம் பார்க்கிறது, பாதி அந்தப் பக்கம் பார்க்கிறது. நேராக இழுத்தால் பிய்த்துக்கொண்டு வருகிறது. இழைப்புளியைக் குறுக்கே சாய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே இழுப்பில் இழுக்க வேண்டியிருந்தது. முதலில் வந்ததெல்லாம் குப்பை. பிறகு ஒரு சீவல் முழுசாக வந்தது. பிறகு இன்னும் சில. அப்பா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவரே ஒரு சின்னப் பெட்டி செய்தார். அவரே ஒட்டினார். தன்னுடைய முத்திரையைச் சாகும்வரை அதில்தான் வைத்திருந்தார். பத்திரம், ரசீது என்று எது வந்தாலும் அந்தப் பெட்டியை எடுப்பார். மேலே கட்டைவிரலால் தடவுவார். “முட்டிக்கிட்டு நிக்குது பாரு” என்பார். சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சிரிப்பை நான் வேறு எதற்கும் பார்த்ததில்லை. மீதிச் சீவல்களைக் கொட்டகையில் வைத்திருந்தோம். அவை புயலோடு போயின.

நான் எத்தனை கட்டை ஒட்டியிருப்பேன்? ஒன்றைக்கூட அவர் தனக்கென்று எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. எல்லாம் கடைக்குப் போயிற்று. விட்டுவிட்டு ஓடினவனுடைய கட்டையை மட்டும் தன் பெட்டியில் ஒட்டிக்கொண்டார். அதையும் என்னையே இழைக்க வைத்தார். பதினாறு வருஷம் தினமும் அது என் கண் முன்னால் இருந்தது. நான் உனக்கு வெறும் வட்டத்தை அனுப்பியது இதனால்தான். பொறாமை. வேறு நல்ல வார்த்தை இருந்தால் நீ போட்டுக்கொள்.

உன் முத்திரையை அந்தப் பெட்டியிலேயே வைத்து அனுப்புகிறேன். இனி அது உன்னுடையது. பத்திரமும் கூட இருக்கிறது. நான் செய்த பெட்டி இங்கேயே இருக்கட்டும், பக்கப் பலகையை மாற்ற வேண்டும்.

அப்பாவின் பெட்டியில் ரகசியம் எதுவும் கிடையாது. மூடியைத் தூக்கினால் போதும்.

கினுயோ


அசாஹிகாவா
டிசம்பர் 9

அக்கா,

இங்கே பனி ஜன்னல் வரைக்கும் ஏறிவிட்டது. அங்கே மலையில் குளிர்காற்று ஆரம்பித்திருக்கும், உடம்பைப் பார்த்துக்கொள். நீ எழுதாவிட்டாலும் நான் எழுதுவேன்.

பத்திரம் இரண்டு பிரதியும் இத்துடன் இருக்கின்றன. என் கையால் பதித்தேன். பதித்து முடிக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசும் ஆயிற்று. பெட்டியை எடுப்பதும், பார்ப்பதும், கீழே வைப்பதுமாக உட்கார்ந்திருந்தேன். மிசாவோ, “பொட்டியவே பாத்துட்டு இருந்தா உங்கக்கா தலையில மழைதான் ஊத்தும். குத்துங்க மொதல்ல!” என்று மைப்பெட்டியைத் திறந்து என் முன்னால் வைத்தாள். முத்திரைச் சான்றும் இன்று காலை போய் வாங்கிவிட்டேன். இன்றே கிளம்புகிறது, விரைவுத் தபாலில்.

இனி நீ ஒன்றைப் படித்தே ஆக வேண்டும். கோபம் வந்தாலும் முடிவு வரை படி.

பதினாறு வருஷமாக நான் தொழிற்சாலையில் மரம் இழைக்கிறேன். இயந்திரம், கை, இரண்டும் தெரியும். அந்தக் கட்டையை ஒட்டும்போது எனக்கு ஒன்றும் தெரியாது. அழகாக இருக்கிறதே என்று ஒட்டினேன். இப்போது பார்த்ததும் புரிகிறது. எதிரெதிராகத் திருப்பியதில் நாரும் எதிரெதிராகத் திரும்பிவிட்டது. எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் பாதி பிய்யும். எங்கள் இயந்திரத்துக்குக் கொடுத்தால் தவிடாக்கிவிடும். என்னிடம் கொடுத்தால் முடியாது என்று திருப்பிக் கொடுத்துவிடுவேன். அப்பாவின் இழைப்பு உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். பலமாக, நேராக, ஒரே இழுப்பு. அவர் கைக்கு இது படியாது. அதை அவர் உன்னிடமே சொல்லியிருக்கிறார். நீ அதைச் சாக்கு என்று எடுத்துக்கொண்டாய். அவர் “வச்சிரு” என்றதை நான் வேண்டாம் என்று எடுத்துக்கொண்டேன். முடியவில்லை என்று பிள்ளையிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அவர்மேல் எனக்கு இன்னும் கோபம் போகவில்லை. ஒரு வார்த்தைதானே, சொல்லித் தொலைத்திருக்கலாம்.

பெட்டியை அடுப்பு வெளிச்சத்தில் சாய்த்து அந்தச் சீவலைப் பார்த்தேன். ஒரு இறகுகூடப் பிய்யவில்லை. ஓரத்திலும் நடுவிலும் ஒரே மட்டம். பெரிய இழைப்புளியை முதல் தடவையாகத் தொட்ட கை எடுத்தது இது. அவர் ஜன்னலில் பிடித்துப் பார்த்தது எதை என்று நினைக்கிறாய்? என் கட்டையை அவர் அதற்கு முன்னாலேயே நன்றாகப் பார்த்திருந்தார்.

உன்னுடையது எதையும் அவர் வைத்துக்கொள்ளவில்லை என்று எழுதியிருக்கிறாய். கட்டை என்னுடையது, அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அக்கா, இந்தப் பெட்டியின் மேல் கட்டை இல்லை. சீவல்தான் இருக்கிறது.

கூரையைப் போடு. வருஷக் கடைசியில் எனக்கு விடுமுறை. நானும் மிசாவோவும் வருகிறோம். நீலம் பூத்த மரத்தைப் பிரித்து அடுக்க இன்னும் இரண்டு ஜோடிக் கை வேண்டியிருக்கும். இந்தத் தடவை ஏணியில் ஏறினால் சொல்லிவிட்டு ஏறுகிறேன். சாப்பிட்டுவிட்டும் போகிறேன்.

பென்சில் வட்டத்தை நீயே அழித்துக்கொள்.

தெத்சுரோ